ஜப்பான், கொரியத் தின்பண்டங்களைச் சாப்பிட்டு எழுதப்போகிறவர்களுக்கு

நான் எழுதிய முதல் குறிப்பே பிழை. வெள்ளவத்தையில், காலி வீதிக் கடையொன்றில், ஜப்பான் அரிசிப் பிஸ்கட் பக்கற் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால், மொறுமொறுவென்று இருக்கவேண்டியது பழைய செருப்புத் தோல் மாதிரி வளைகிறது. சோயா சோஸ் வாசம் மூக்கில் ஏறுகிறது. அம்மா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, "இது நேற்றையான் வடையோ?" என்றார். அம்மா பருத்தித்துறைக்காரி. தட்டை வடை விஷயத்தில் அவரோடு வாதாட எங்கள் வீட்டில் ஆள் இல்லை. நானும் அதே கையோடு, "நமுத்துப்போன பழைய சரக்கு, தலையில் கட்டிவிட்டார்கள், ஒருவரும் வாங்காதீர்கள்" என்று நாலு வரி எழுதித் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்து, ஜப்பானில் படித்துவிட்டு வந்த அலுவலகத் தோழி ஒருத்தி சிரிப்பை அடக்கமுடியாமல் வந்தாள். "அது நுரே சென்பே. நுரே என்றால் நனைந்தது. சுட்ட சூட்டோடு சோயா சோஸில் போட்டு எடுப்பார்கள். அது அப்படித்தான் இருக்கோணும்."

சிபா மாநிலத்தில் சோஷி என்றொரு கடற்கரை ஊர். சோயா சோஸுக்குப் பெயர்போனது. அங்கே ஓடும் சின்ன மின்சார ரயில் கம்பனி 2006இல் கையில் காசில்லாமல் தவித்தபோது, "ரயிலைத் திருத்தப் பணம் வேண்டும், தயவுசெய்து நுரே சென்பே வாங்குங்கள்" என்று இணையத்தில் கேட்டதாம். சனம் அள்ளி வாங்கியது, ரயில் நிற்கவில்லை. ஒரு ரயிலையே காப்பாற்றிய பிஸ்கட்டைத்தான் நான் நேற்றையான் வடை என்று எழுதியிருக்கிறேன். கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்றே அவருக்கு விளங்கவில்லை.

அன்றைக்கு ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதி வைத்தேன்: இந்தச் சாமான் என்னவாக இருக்கப் பார்க்கிறது? அதற்குப் பதில் தெரியாமல் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை, தின்னவும் சரி, கதைக்கவும் சரி. இப்போது மூன்றாவது கொப்பி ஓடுகிறது. புதிதாக எழுத வருகிறவர்களுக்கு, அந்தக் கொப்பிகளிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

வாங்கும்போதே வேலை தொடங்குகிறது

கொழும்பில் இந்தச் சாமான்கள் மூன்று வழியால் கைக்கு வருகின்றன. சுப்பர்மார்க்கெட்டின் இறக்குமதித் தட்டு ஒன்று. கொரிய, ஜப்பான் சாமான் மட்டும் விற்கும் சின்னக் கடைகள் இன்னொன்று. மூன்றாவது, எனக்குப் பிடித்தது, சூட்கேஸ். கொரியா வேலை அனுமதித் திட்டம் 2004இல் தொடங்கியதிலிருந்து இங்கிருந்து பெடியள் அங்கே தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சித்தியின் மகன் அப்படிப் போனவன். லீவில் வரும்போது அவன் பெட்டியில் கால்வாசி எனக்கு. அதற்குக் கைம்மாறாகத் திரும்பிப் போகும்போது அம்மா இடித்த மிளகாய்த்தூள் மூன்று கிலோ அவனோடு போகும்.

எந்த வழியால் வந்தாலும் முதலில் பக்கற்றைத் திருப்பி, எங்கே செய்தது என்று பாருங்கள். முகப்பில் ஜப்பான் எழுத்து இருப்பதால் மட்டும் அது ஜப்பானிலிருந்து வந்ததாகிவிடாது. சொக்லேட் பூசிய குச்சிப் பிஸ்கட்டான பொக்கியை ஒஸாக்காவின் எஸாக்கி கிளிகோ கம்பனி 1966இலிருந்து செய்கிறது. ஆனால் அவர்களுக்கு 1970இலிருந்தே தாய்லாந்தில் கம்பனி உண்டு, இங்கே நான் தட்டிலிருந்து எடுத்த பொக்கிகளில் முக்கால்வாசி அங்கே செய்தவை. சொக்கோ பை இன்னும் நல்ல உதாரணம். கொரியாவில் 1974இல் ஒரியன் கம்பனி தொடங்கியது, பிறகு லொத்தேயும் செய்தது. அதே லொத்தே 2004இல் சென்னையின் பாரிஸ் மிட்டாய்க் கம்பனியை வாங்கியது. இந்தியாவில் செய்யும் லொத்தே சொக்கோ பையில் சைவத்துக்கான பச்சைப் புள்ளி இருக்கும், அம்மா வெள்ளிக்கிழமையிலும் தின்பார். தம்பி கொரியாவிலிருந்து கொண்டுவந்ததில் நடுவே இருக்கும் மாஷ்மெலோ ஜெலட்டினில் செய்தது, அதை அவருக்குக் கொடுக்க முடியாது. பெயர் ஒன்று, சாமான் இரண்டு. எதைச் சாப்பிட்டீர்கள் என்று சொல்லாமல் "சொக்கோ பை நல்லது" என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அடுத்தது திகதி. இரண்டு நாட்டிலும் வருடம் முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில். 26.03.04 என்று அச்சிட்டிருந்தால் அது 2026 மார்ச் 4. நம் வழக்கத்தில் வாசித்தால் 2004 மார்ச் 26 ஆகிவிடும், பயந்து திருப்பி வைத்துவிடுவீர்கள். ஜப்பானில் இரண்டு விதமான திகதி உண்டு. ஷோமி கிகென் என்பது அதுவரைக்கும் ருசி குறையாது என்பதற்கு, பிஸ்கட், மிட்டாய் எல்லாவற்றிலும் இதுதான். ஷோஹி கிகென் என்பது அதற்குமேல் சாப்பிடவே கூடாது என்பதற்கு, கெதியில் பழுதாகும் சாமான்களில் இருக்கும். கொரியாவில் 2023இலிருந்து, கடையில் எதுவரை விற்கலாம் என்ற திகதியை விட்டுவிட்டு, எதுவரை சாப்பிடலாம் என்ற திகதியைப் போடுகிறார்கள்.

இறக்குமதியாளர் ஒட்டும் வெள்ளை லேபல் சிலவேளை கம்பனி அச்சிட்ட திகதிக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். ஒருமுறை அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், கீழே இருந்த திகதி மூன்று மாதம் முந்தியது. கடையைச் சொல்லப்போவதில்லை. ஆனால் அதிலிருந்து சுரண்டாமல் காசு கொடுப்பதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது

இது கொழும்பு. ஒரு பக்கற்றைப் பிரித்தால் கையை நீட்டுகிறவர்களில் ஒருவர் சைவம், ஒருவர் ஹலால், ஒருவருக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. எங்கள் அலுவலக மேசை அப்படித்தான். அதனால் ருசியைப் பற்றி எழுதுவதற்கு முன் இதை எழுதிவிடுங்கள்.

கொரியப் பக்கற்றில் ஒவ்வாமைப் பெட்டி என்று தனியாக ஒன்று இருக்கும். முட்டை, பால், கச்சானோடு பன்றியிறைச்சியும் மாட்டிறைச்சியும் கட்டாயம் சொல்லவேண்டிய பட்டியலில் இருக்கின்றன. அது நமக்கு நல்ல வசதி. ஜப்பானில் கட்டாயப் பட்டியலில் இருப்பவற்றில் சில: முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, சோபா நூடில்ஸ் செய்யும் பக்வீற், கச்சான், 2023இல் சேர்த்த வோல்நட். பன்றியும் ஜெலட்டினும் சொன்னால் நல்லது என்ற இரண்டாவது பட்டியலில்தான். பெரும்பாலான கம்பனிகள் சொல்கின்றன, ஆனால் சொல்லவில்லை என்பதை இல்லை என்று எடுக்கக்கூடாது. போனில் கூகுள் லென்ஸைப் பிடித்தால் ஓரளவு தமிழிலேயே வாசிக்கும், சிலவேளை கோமாளித்தனமாகவும் வாசிக்கும். அதனால் பன்றி, ஜெலட்டின், மதுசாரம், மீன் ஆகிய நாலு சொல்லையும் இரண்டு மொழியிலும் தோழியிடம் ஒரு சின்ன அட்டையில் எழுதி வாங்கி, பேர்ஸில் வைத்திருக்கிறேன். எழுத்தின் வடிவத்தைப் பொருத்திப் பார்த்தால் போதும், மொழி தெரியத் தேவையில்லை.

மதுசாரம் என்றதும் ஒன்று. ஜப்பானில் குளிர்காலத்தில் லொத்தேயின் ரம்மி, பக்கஸ் என்று இரண்டு சொக்லேட் வரும், இரண்டிலும் மெய்யாகவே மது இருக்கிறது. பெட்டி வடிவாக இருக்கிறதென்று பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மீன்தான் சைவக்காரரை ஏமாற்றுவது. உருளைக்கிழங்குச் சிப்ஸில் சோயா சோஸ் சுவை என்று போட்டிருக்கும், உள்ளே கட்சுவோபுஷி பொடி கிடக்கும். கட்சுவோபுஷி என்ன என்று கேட்டால் எந்த இலங்கையருக்கும் ஒரே சொல்லில் சொல்லலாம்: மாசி. அதே சூரை மீன், அதே மாதிரி அவித்து, புகையில் காயவைத்து, மரக்கட்டை போல ஆக்குவது. ஜப்பானில் உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கவிட்டு இன்னும் காயவைப்பார்கள். மற்றபடி நம் சம்பலில் இடிபடும் மாசியும் அதுவும் சொந்தக்காரர். ஜப்பான் சிப்ஸ் ஒன்றைத் தின்று, "என்னவோ ஒரு ருசி அடிநாக்கில் நிற்கிறது, பெயர் வரவில்லை" என்று தடுமாறும் நண்பர்களுக்கு நான் சொல்வது, கட்டைச் சம்பலை நினை என்றுதான். 1908இல் இக்கேடா கிக்குனே என்ற வேதியியலாளர் கொம்பு என்ற கடல்தாவரத்திலிருந்து அந்தச் சுவையைப் பிரித்து எடுத்து உமாமி என்று பெயர் வைத்தார், அடுத்த வருடமே அஜினமோட்டோ கடைக்கு வந்தது. மாசி இடித்த நம் ஆச்சிமாருக்குப் பெயர் மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

பக்கற்றுக்குள் கிடக்கும் சின்னப் பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சிலிக்கா ஜெல் இல்லை. கடல்பாசித்தாள், சென்பே பக்கற்றுகளில் சுட்ட சுண்ணாம்பு போடுவதுண்டு. தண்ணீர் பட்டால் கொதிக்கும். கையோடு எடுத்துப் பிள்ளைகளுக்கு எட்டாமல், ஈரமில்லாத குப்பைக்குள் போடுங்கள்.

கொழும்பு வெக்கை

நான் இருப்பது கடற்கரைப் பக்க ஒழுங்கை. உப்புப் போத்தலே ஈரம் குடித்துக் கட்டியாகும் வீடு. இங்கே ஒரு மொறுமொறு சாமானைப் பிரித்தால் உங்களுக்குப் பதினைந்து நிமிடம்தான் இருக்கிறது, அதற்குப் பிறகு நீங்கள் சுவைப்பது வெள்ளவத்தைக் காற்றை. போட்டோ எடுக்கிறேன் என்று தட்டில் பரப்பி வைத்து, வெளிச்சம் பார்த்து, கடைசியில் தின்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் தின்னுங்கள், பிறகு படம்.

சொக்லேட் வேறு கதை. கொக்கோ வெண்ணெய் முப்பது பாகைக்கு மேல் இளகத் தொடங்கும், நம் மத்தியானம் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. கப்பலிலோ, கடைக்குப் பின்னாலோ ஒருமுறை இளகி மறுபடி உறைந்த சொக்லேட்டில் சாம்பல் பூசினமாதிரி வெள்ளை படிந்திருக்கும். அது பூஞ்சணம் இல்லை, கொழுப்பு மேலே வந்து உறைந்தது. தின்னலாம், ஆனால் அந்த வழுவழுப்புப் போய்விடும். அப்படி ஒன்று கிடைத்தால் அதைவைத்துக் கம்பனியைத் திட்டாதீர்கள். "எனக்குக் கிடைத்தது இளகி உறைந்தது" என்று எழுதிவிட்டு, முடிந்தால் இன்னொன்று வாங்கிப் பாருங்கள். நான் சொக்லேட்டை அரை மணித்தியாலம் பிரிஜ்ஜில் வைத்து, எடுத்துப் பத்து நிமிடம் மேசையில் விட்டுத்தான் பிரிப்பேன். நேரே பிரிஜ்ஜிலிருந்து வாயில் போட்டால் இனிப்பே தெரியாது, குளிரில் நாக்கு இனிப்பைக் குறைத்துத்தான் காட்டும்.

அரிசி மாவில் செய்த மெதுவான சாமான்களுக்குப் பிரிஜ் எதிரி. இதில் எனக்கு இரண்டாவது அவமானம். தம்பி கொண்டுவந்த இன்ஜொல்மி, அதாவது வறுத்த சோயா மாவில் புரட்டிய கொரிய அரிசிக் கட்டி, பழுதாகாமல் இருக்கட்டும் என்று இரண்டு நாள் பிரிஜ்ஜில் வைத்துவிட்டு, "அழிறப்பர் மாதிரி" என்று எழுதினேன். அவன் போனில் கத்தினான்: "அக்கா, நீங்கள் நேற்றைக்கு அவிச்ச பிட்டைப் பிரிஜ்ஜில வச்சிட்டு அப்படியே தின்பீங்களோ?" அவன் சொன்னது சரி. சோறு, இடியப்பம், பிட்டு எல்லாம் குளிரில் ஏன் விறைக்கிறதோ அதே மாப்பொருள்தான் அங்கேயும். மறுபடி சூடு காட்டினால் இளகும். சட்டியில் எண்ணெய் விடாமல் மெல்லிய நெருப்பில் இரண்டு பக்கமும் பிரட்டினேன். வெளியே இலேசாகப் பொருக்கு, உள்ளே இழுபடுகிற மெத்து. மாவின் வாசம் அப்படியே பயற்றம் பணியாரத்துக்கு மா வறுக்கும் குசினி வாசம்.

இப்படி இழுபடும் மொச்சி (ஜப்பான் அரிசிக் கட்டி) வகைகளை வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் நகத்தளவு துண்டாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். ஜப்பானில் ஒவ்வொரு புதுவருடமும் மொச்சி தொண்டையில் சிக்கி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், தீயணைப்புப் படை முன்கூட்டியே எச்சரிக்கும். சின்னக் கோப்பையில் வரும் கொன்ஜாக் என்ற கிழங்கு மாவில் செய்த ஜெலியும் அதே ஆபத்து.

வாயில் வைக்கும் நேரம்

நேரம் காலை பத்தரை. காலைச் சாப்பாடு இறங்கியிருக்கும், மத்தியானப் பசி வந்திருக்காது, நாக்கில் உறைப்பு இருக்காது. சம்பலோடு பாண் சாப்பிட்டுவிட்டு மச்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளின் நுணுக்கத்தைப் பற்றி எழுதுவது நடக்காத காரியம். மூன்று பேர் இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் நான், அம்மா, மேல்மாடி வீட்டுப் பிள்ளை. பதின்மூன்று வயது, இரக்கமில்லாத நாக்கு. ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கமுதல் ஆளுக்கொரு துண்டுக் கடதாசியில் எழுதவேண்டும், இல்லாவிட்டால் அம்மா சொன்னதையே எல்லோரும் சொல்வோம். நடுவில் வெறும் தண்ணீர். உறைப்புச் சாமானை எப்போதும் கடைசியில் வையுங்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, தயிர் ஒரு கரண்டிதான் வழி.

கடிக்கும்போது காதைக் கொடுங்கள். நான் நேரம் எடுத்துச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஜப்பான்காரருக்கு வாயில் கேட்கும் சத்தத்துக்கும் பல்லில் படும் பதத்துக்கும் நூற்றுக்கணக்கில் சொல் இருக்கிறது, அதில் பல இரட்டைச் சொல். சக்குசக்கு என்றால் பிஸ்கட் மாதிரி இலேசாக நொறுங்குவது. பரிபரி என்றால் மெல்லிய சிப்ஸ் உடைவது. கரிகரி என்றால் கடினமாக, பல் வேலை செய்து உடைப்பது. மொச்சிமொச்சி, மெத்தென்று இழுபடுவது. பொக்கி என்ற பெயரே குச்சி முறியும் பொக்கின் சத்தத்திலிருந்து வந்ததுதான். கொரியருக்கும் அப்படியே: பசக்பசக் மொறுமொறுப்புக்கு, சொல்கித்சொல்கித் சவ்விச் சவ்வித் தின்பதற்கு.

இதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி என்று பாடமாக்கி, பரீட்சையோடு மறந்த சாமான் இதுதானே. மொறுமொறு, கரகர, நறுநறு, பொலபொல, வழுவழு, கொழகொழ, பிசுபிசு, சவசவ. இவ்வளவையும் வைத்துக்கொண்டு "செம கிரஞ்சி" என்று எழுதுவானேன்? அரிசிச் சென்பே கரகர. ஒட்டும் அரிசியில் செய்யும் அராரே கறுமுறு, அது உள்ளே காற்றுப் புகுந்து பொரிந்தது. சென்பே சாதாரண அரிசி, அராரே ஒட்டும் அரிசி, வித்தியாசம் சத்தத்திலேயே கேட்கும். அம்மாவின் தட்டை வடை கரகரவில் தொடங்கி நறுநறுவில் முடியும். ஒரியனின் கொபுக் சிப், 2017இல் வந்த நாலடுக்கு ஆமையோட்டு வடிவச் சிப், ஒரே கடியில் நாலு தரம் மொறுக்கும். அந்தப் பிள்ளை அதற்குக் கொடுத்த சொல் "மொறுமொறுமொறுமொறு". இலக்கணம் ஒத்துக்கொள்ளாது, நான் அப்படியே எழுதினேன்.

பயறும் பனங்கட்டியும்

ஜப்பான் இனிப்பில் நம்மவர்கள் முகம் சுழிக்கும் இடம் அங்கோ என்ற சிவப்பு அவரைக் களி. டொராயாக்கி என்ற பான்கேக்குக்குள், டைஃபுக்கு என்ற மொச்சி உருண்டைக்குள், எங்கும் அதுதான். "இனிப்புக்குள் பருப்பா?" என்பார்கள். மோதகத்துக்குள் பயறும் சர்க்கரையும் வைத்து அவிக்கிற சனம் கேட்கிற கேள்வியா இது? அசுக்கி அவரை நம் பயறு, உளுந்து, கௌப்பி எல்லாம் இருக்கும் விக்னா என்ற அதே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு மோதகத்தை நினைத்துத் தின்னுங்கள், பாதித் தயக்கம் போய்விடும். தேங்காய்ப்பூ இல்லை, ஏலக்காய் இல்லை என்பது அப்புறம்தான் தெரியும். பிறகு கவனியுங்கள்: அவரை முழுசாகத் தட்டுப்படுகிறதா, அரித்து வழுவழுவென்று இருக்கிறதா? முந்தியது சுபுஅன், பிந்தியது கொஷிஅன். ஜப்பானில் இதற்காக வீட்டுக்குள்ளேயே கட்சி பிரிவார்கள்.

கொரியாவின் அறுவடைத் திருநாளுக்குச் செய்யும் சொங்பியொன், அரைச்சந்திர வடிவில் அரிசிமாவைப் பிடித்து, உள்ளே எள்ளோ அவரையோ வைத்து, பைன் இலை மேல் அவிப்பது. படத்தைக் காட்டினால் அம்மா ஆடிப்பிறப்புக் கொழுக்கட்டை என்றுதான் சொல்வார். சொன்னார்.

யோக்கன் என்ற அவரைக் கட்டியில்தான் எனக்கு ஒன்று வெளித்தது. அவரை, சீனி, கந்தென். கந்தென் நம் முஸ்லிம் வீடுகளில் நோன்பு காலத்தில் செய்யும் கடற்பாசியேதான். தனியாகத் தின்றேன், பல் கூசும் இனிப்பு. "அளவுக்கு மீறிய சீனி" என்று எழுதப் பேனையை எடுத்துவிட்டேன். அப்போதுதான் முதல் பக்கத்துக் கேள்வி. யோக்கன் தனியே தின்னச் செய்ததில்லை, கசக்கும் பச்சைத் தேயிலைக்குத் துணை. எங்கள் தாத்தா பனங்கட்டியைக் கடித்துக் கடித்துச் சாயம் கூடிய வெறும் தேத்தண்ணி குடிப்பார். தேத்தண்ணிக்குள் சீனி போட்டால் அவருக்குக் கோபம் வரும். பனங்கட்டியை மட்டும் தின்றுவிட்டு இனிப்புக் கூட என்று யாராவது குறை சொல்வார்களா? ஒரு கோப்பை வெறும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, ஒரு மிடறு, ஒரு சின்னத் துண்டு, மறுபடி ஒரு மிடறு. அவரையின் மண்வாசம் அப்போதுதான் வந்தது.

கொரியாவின் யக்வாவும் அந்தச் சாதிதான். கோதுமை மாவில் நல்லெண்ணெய் பிசைந்து, பூ மாதிரி அச்சில் அழுத்தி, மெல்லிய சூட்டில் பொரித்து, தேனும் இஞ்சியும் சேர்ந்த பாகில் ஊறப்போட்டது. யக் என்றால் மருந்து, தேனை மருந்தாக நினைத்த காலத்துப் பெயர். பாரம்பரிய முறையில் மாவில் கொஞ்சம் மதுவும் சேர்ப்பதுண்டு, ஹலால் பார்ப்பவர்கள் பக்கற்றைப் பார்க்கவேண்டும். கொஞ்சம் சூடாக்கினால் பாகு இளகி, நல்லெண்ணெய் வாசம் எழும்பும். குளிராகத் தின்றுவிட்டு "பிசுபிசு" என்று மட்டும் எழுதாதீர்கள்.

சோடி சேர்த்துப் பாருங்கள்

ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் இடையில் முகம் ஒத்த சாமான்கள் நிறைய. ஜப்பானில் கல்பீயின் கப்பா எபிசென் 1964, கொரியாவில் நொங்ஷிமின் சேவுக்கங் 1971, இரண்டும் இறால் குச்சி. பொக்கி 1966, லொத்தேயின் பெப்பெரோ 1983. நாலு ஒன்று வரிசையாக நிற்கும் நவம்பர் 11 இரண்டுக்கும் திருநாள். யாரைப் பார்த்து யார் செய்தது என்ற சண்டைக்குள் நாங்கள் போகவேண்டாம், காலிமுகத்திடலில் இறால் வடை தின்று வளர்ந்தவர்களுக்கு அது தேவையுமில்லை. பெயரை மறைத்து இரண்டு கிண்ணத்தில் போட்டுத் தின்னுங்கள். எங்கள் வீட்டில் எபிசென் உப்பிலும் இறால் வாசத்திலும் முந்தியது, சேவுக்கங் கொஞ்சம் தடிப்பு, இனிப்பும் கூட. சும்மா ஒன்றை மட்டும் தின்றிருந்தால் இந்த இரண்டும் தெரிந்திருக்காது. 2014இல் கொரியாவில் கடைகளில் கிடைக்காமல் சனம் தேடி அலைந்த ஹனி பட்டர் சிப்பை நாங்கள் தனியாகத் தின்றோம், "நல்லது" என்பதற்குமேல் மூன்று பேராலும் ஒன்றும் எழுத முடியவில்லை.

எழுதும்போது

பத்துக்கு எத்தனை என்று புள்ளி போடுவதை விட்டுவிட்டேன். ஏழரைக்கும் ஏழே முக்காலுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பிள்ளை கேட்டாள், பதில் இல்லை. இப்போது மூன்றே தீர்ப்பு: திரும்ப வாங்குவேன், யாராவது தந்தால் தின்பேன், வேண்டாம். விலையை 100 கிராமுக்குக் கணக்குப் போட்டு எழுதுங்கள், பெரிய பெட்டிக்குள் தனித்தனியாகச் சுற்றிய ஆறு பிஸ்கட்தான் இருக்கும். அந்த ஊர் விலையும் தெரிந்தால் பக்கத்தில் போடுங்கள். ஜப்பான் பிள்ளைகளின் உமைபோ சோளக் குச்சி 1979இலிருந்து பத்து யென், 2022இல் பன்னிரண்டு, 2024இல் பதினைந்து. நான் இங்கே ஒன்றை 150 ரூபாவுக்கு வாங்கினேன். சாமான் மோசமில்லை, ஆனால் அது கைச்செலவுக் காசுக்கு வாங்கும் பண்டமாக இருக்கப் பார்ப்பது. 150 ரூபாவில் அது அப்படி இல்லை, தீர்ப்பில் அதையும் சேர்த்தேன்.

"வித்தியாசமான சுவை" என்று எழுதாதீர்கள். எதிலிருந்து வித்தியாசம்? நமக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லி, அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லுங்கள். கடைசியாக, திருத்தி எழுதிய என் முதல் குறிப்பை அப்படியே தருகிறேன்:

"நுரே சென்பே. ஜப்பானில் செய்தது, திகதிக்கு இன்னும் இரண்டு மாதம். காலை பத்தரைக்கு, மூன்று பேர். அரிசி, சோயா சோஸ், சீனி. லேபலில் மீன் இல்லை, கோதுமை இருக்கிறது. நனைத்தே விற்கும் சென்பே இது, நமுத்தது என்று திருப்பிக் கொடுக்கவேண்டாம். உள்ளங்கையளவு, கருஞ்செம்மை, விரலில் பிசுபிசுக்கும். முதல் கடியில் சத்தமே இல்லை, பல் இறங்கி இழுக்கவேண்டும். முதலில் உப்பு, நாலைந்து தரம் சவ்விய பிறகுதான் சுட்ட அரிசியின் வாசம், அடிச்சட்டிச் சோற்றுப் பொருக்கு மாதிரி. ஒன்றுக்குமேல் தின்றால் தாகம் எடுக்கும். மேல்மாடிப் பிள்ளை: வேண்டாம். அம்மா: 'நேற்றையான் வடைதான். ஆனா நல்ல கைக்காரி சுட்ட வடை.' நான்: திரும்ப வாங்குவேன், வெறும் தேத்தண்ணி பக்கத்தில் இருந்தால்."